ஷோகன் வீட்டுத் தொட்டி

இலைக்காகச் செடி வளர்ப்பது நமக்கொன்றும் புதிதல்ல. கொல்லையில் ஒரு கறிவேப்பிலைக் கன்று, கிணற்றடியில் இரண்டு வாழை, இடமிருந்தால் பந்தலில் ஒரு வெற்றிலைக் கொடி என்று நம் வீடுகளில் இலைக்கு எப்போதும் தனி மரியாதை உண்டு. ஆனால் கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், அந்த மரியாதையெல்லாம் முடிவில் வாய்க்கும் வயிற்றுக்கும் செய்கிற மரியாதைதான் என்பது விளங்கும். சும்மா உட்கார்ந்து பார்த்துக் கொண்டிருப்பதற்காக ஓர் இலையை வளர்ப்பது என்பது வேறு. அதிலும், இரவில் மணக்கும் வெள்ளைப் பூப் பூக்கிற செடியை வைத்துக்கொண்டு, 'பூ கிடக்கட்டும், இலையைப் பாருங்கள்' என்று சொல்வதற்கு ஒரு தனி மனப்போக்கு வேண்டும். அந்த மனப்போக்கு ஜப்பானில் இருநூறு வருஷங்களுக்கு முன்பே முற்றியிருந்தது.

செடியின் பெயர் ஃபூரான். வாசகர்கள் தயவு செய்து அந்த முதல் ஆய்த எழுத்தை விழுங்கிவிடாமல் படிக்க வேண்டும், விழுங்கினால் கடிக்கும். ஜப்பானிய மொழியில் 'ஃபூ' என்றால் காற்று. 'ரான்' என்றால் ஆர்க்கிட். காற்று ஆர்க்கிட்! எவ்வளவு அழகான பெயர்! ஆயினும் செடியை நேரில் பார்த்தபோது, நம் ஊர்ப் பூரானுக்கும் இதற்கும் ஏதோ தூரத்து உறவு இருக்கத்தான் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நடுவில் கட்டையான ஒரு தண்டு. அதன் இரு பக்கமும் மாறி மாறி, ஒன்றின் மடியில் ஒன்று உட்கார்ந்தாற்போல், வளைந்த சிறு இலைகள். முழுச் செடியும் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சில வகைகள் கட்டைவிரல் உயரம்கூட இல்லை.

இது மண்ணில் முளைப்பதில்லை. ஜப்பானின் மத்திய பகுதியிலிருந்து தெற்கே உள்ள மலைகளிலும் கடலோரங்களிலும், கொரியாவின் தென் தீவுகளிலும், சீனாவின் சில பகுதிகளிலும் பழைய மரங்களின் கிளைகளைப் பிடித்துக்கொண்டு வளரும், பாறையிலும் ஒட்டிக்கொள்ளும். மரத்தைப் பிடித்துக்கொள்கிறதே தவிர மரத்தை உறிஞ்சுவதில்லை. குடியிருக்க இடம் மட்டும் வாங்கிக்கொண்டு, சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்கிற கண்ணியமான குடித்தனக்காரர் என்று சொல்லலாம். மழையும் மூடுபனியும் காற்றும் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அதன் ஆகாரம். கோடையில் வெள்ளை வெளேரென்று சில பூக்கள் பூக்கும். ஒவ்வொரு பூவுக்கும் பின்னால் கொக்கின் கழுத்தைப் போல் வளைந்து ஒரு நீண்ட குழல் தொங்கும். தேன் அதன் அடியில் இருக்கிறது. நீண்ட நாக்குள்ள அந்துப்பூச்சி இருட்டில் வந்தால்தான் அந்தத் தேனை எட்ட முடியும். ஆகவே பகலில் சாதுவாக இருக்கும் பூ, அந்தி சாய்ந்த பிறகு வாசனையைக் கட்டவிழ்த்து விடுகிறது.

மரக்கிளையில் காற்றைத் தின்றுகொண்டிருந்த இந்த ஏழை, ராஜாங்கத்துக்கு வந்து சேர்ந்த கதை வேடிக்கையானது.

1603-ல் தோகுகாவா வம்சத்தார் ஜப்பானின் ஆட்சியைப் பிடித்தார்கள். சக்கரவர்த்தி கியோத்தோ நகரத்தில் பூஜிக்கப்பட்டுக் கொண்டிருந்தார். அதிகாரமெல்லாம் எடோ நகரத்தில் ஷோகனிடம் இருந்தது. அந்த எடோதான் இன்றைய டோக்கியோ. நாடெங்கும் டைமியோ என்ற பிரபுக்கள் இருந்தார்கள். அவர்கள் கலகம் செய்யாமல் பார்த்துக்கொள்ள ஷோகன்கள் ஓர் உபாயம் கண்டுபிடித்து 1635-ல் சட்டமாக்கினார்கள். ஒவ்வொரு பிரபுவும் ஒரு வருஷம் தன் ஊரிலும் மறு வருஷம் எடோவிலும் வசிக்க வேண்டும். பெண்டாட்டியும் வாரிசும் எப்போதும் எடோவிலேயே இருக்க வேண்டும். பணயம் என்று பச்சையாகச் சொல்லாமல் பணயம் வைத்துக்கொள்ளும் வித்தை இது. பரிவாரத்தோடு போவதிலும் வருவதிலும் பிரபுக்களின் பொக்கிஷம் கரைந்தது. கலகத்துக்குக் காசு ஏது?

இதனால் நாட்டில் இரண்டரை நூற்றாண்டு அமைதி நிலவியது. நல்லதுதான். ஆனால் வாளைத் தவிர வேறொன்றும் அறியாத ஸாமுராய்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்கு அரிசி அளக்கப்பட்டது. யுத்தம் மட்டும் கொடுக்கப்படவில்லை. இடுப்பில் இரண்டு கத்திகளைச் செருகிக்கொண்டு, வெட்டுவதற்கு ஆளில்லாமல், தலைமுறை தலைமுறையாக ஒரு வர்க்கம் எடோவில் உட்கார்ந்திருந்தது. இந்த மாதிரி ஓய்வு மனிதனுக்குக் கிடைத்தால் அவன் ஒன்று குடிப்பான், இல்லையேல் கவிதை எழுதுவான், அதுவும் இல்லையேல் செடி வளர்ப்பான். எடோவில் மூன்றும் நடந்தன.

பதினோராவது ஷோகன் தோகுகாவா இயெனாரி 1787-ல் பதின்மூன்று வயதுப் பையனாகப் பட்டத்துக்கு வந்தார். 1837 வரை ஐம்பது வருஷம் பதவியில் இருந்தார். அந்த வம்சத்தில் வேறு யாரும் அத்தனை காலம் இருந்ததில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குத் தகப்பனார் என்பது அவரைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் தவறாமல் குறிப்பிடும் செய்தி. அவருக்கு ஃபூரான் மீது அபார மோகம் என்பது செடி வளர்ப்போர் தவறாமல் குறிப்பிடும் செய்தி. ஷோகனுக்குப் பிடித்தது பிரபுக்களுக்குப் பிடிக்காமல் போகுமா? அபூர்வச் செடி எந்த மலையில் கிடைத்தாலும் அது எடோவை நோக்கிப் பயணமாயிற்று. செடியைத் தொட்டுவிடாமல் இருக்கப் பொன் கம்பியிலும் வெள்ளிக் கம்பியிலும் பின்னிய வலைக்கூடு கவிழ்த்து வைப்பார்களாம். பார்க்க வருபவர்கள் தங்கள் மூச்சு இலையின் மேல் படாதபடி வாயைக் காகிதத்தால் மறைத்துக்கொள்வார்களாம். இந்த 'ஆம்'களை நான் சேர்க்கவில்லை. இன்றுவரை வளர்ப்போர் வாய்வழியாக வந்துகொண்டிருக்கும் கதைகள் இவை.

ஒன்றை மட்டும் இங்கே சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. இயெனாரியின் ஆட்சி முடியும் தறுவாயில், 1833 முதல் 1837 வரை, ஜப்பானில் கொடிய பஞ்சம். ஒஸாகா நகரத்தில் ஓஷியோ ஹெயிஹாசிரோ என்ற படிப்பாளி, முன்னாளில் போலீஸ் உத்தியோகம் பார்த்தவர், தம் புத்தகங்களை விற்று ஏழைகளுக்குக் கொடுத்தார். அதுவும் போதாதென்று கண்டு 1837-ல் கலகத்தில் இறங்கினார். ஒரே நாளில் கலகம் அடங்கிவிட்டது. ஆனால் ஒஸாகாவில் ஆயிரக்கணக்கான வீடுகள் எரிந்து போயின. பொன் வலைக் கூடும் அந்த நெருப்பும் ஒரே ராஜ்யத்தில் இருந்தவை. செடியின் மீது குற்றமில்லை. இருந்தாலும் செடியின் கதையை எழுதும்போது நெருப்பை விட்டுவிட்டால், அது பூக்கடைக்காரர் விளம்பரம் போல் ஆகிவிடும்.

செடிப் பைத்தியம் பிரபுக்களோடு நின்றுவிடவில்லை. கீழ்த்தட்டு ஸாமுராய்களுக்கு அளக்கப்பட்ட அரிசி குடும்பத்துக்குக் காணவில்லை. ஓக்குபோ என்ற பேட்டையில் துப்பாக்கிப் படையைச் சேர்ந்தவர்கள் அஸேலியா வளர்த்து விற்றார்கள். ஒக்காச்சிமாச்சியில் காலாட் காவல் படையைச் சேர்ந்தவர்கள் 'காலைப் பூ' என்னும் கொடியை வளர்த்து அதில் விதவிதமான கோணங்கிப் பூக்களை உண்டாக்கினார்கள். காவல் காப்பவர் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றி வயிறு வளர்க்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். சிரிப்பதற்கு முன்னால் சற்று இரக்கம்தான் வருகிறது.

அந்தக் காலத்து ரஸனை முழுவதும் 'வழக்கத்துக்கு மாறானது' என்ற ஒரே சொல்லைச் சுற்றிக்கொண்டிருந்தது. இலையில் வெள்ளைக் கோடா, மஞ்சள் புள்ளியா, கோணலா, குட்டையா, எதுவானாலும் தேவலை. மற்றச் செடிபோல் இல்லாதிருந்தால் சரி. 1827-ல் கின்தா என்ற நாற்றங்கால்காரர் இத்தகைய அதிசயச் செடிகளுக்காகவே படங்களோடு ஒரு புத்தகம் வெளியிட்டார். எந்தச் செடி யார் கையில் தோன்றி வளர்ந்தது என்ற விவரங்களும் அதில் உண்டு. இரண்டே வருஷத்தில், 1829-ல், மிஸுனோ தடாக்கி என்ற ஸாமுராய், கோடும் புள்ளியும் விழுந்த இலைகளுக்கென்றே ஏழு பாகங்களில் இன்னொரு நூல் கொண்டுவந்தார். சுமார் ஆயிரம் செடிகள், அகராதி வரிசையில்! யுத்தம் வந்திருந்தால் இந்த மனிதர் எத்தனை கோட்டைகளுக்கு வரைபடம் எழுதியிருப்பாரோ.

இலையில் கோடு விழுவது உண்மையில் ஒரு குறை. பச்சையம் இல்லாத இடம்தான் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ தெரிகிறது. பச்சையம் குறைந்தால் உணவு குறையும். உணவு குறைந்தால் செடி மெதுவாக வளரும். காட்டில் இத்தகைய பிறவி, பக்கத்துச் செடியோடு போட்டி போட முடியாமல் சாகும். வீட்டில் தொட்டிக்குள் வந்துவிட்டால் அதே குறை அதற்கு ஆயுள் காப்பு. ஊமைக் குழந்தையைத் தாய் அதிகமாகக் கொஞ்சுவதுபோல் மனிதர்கள் அதைக் கொஞ்சினார்கள். இப்படித் தேர்ந்தெடுத்துப் பெயர் சூட்டிய செடிகளுக்கு ஃபூகிரான் என்று ஒரு பட்டம் உண்டு. செல்வமும் அந்தஸ்தும் உள்ள ஆர்க்கிட் என்று பொருள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம் டோக்கியோவில் இந்தச் செடிகளின் கண்காட்சி ஒன்றைப் பார்க்க எனக்கு வாய்த்தது. ஆர்க்கிட் கண்காட்சி என்றதும் வண்ணக் கடலை எதிர்பார்த்துப் போனேன். உள்ளே கறுப்புத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. ஒரு பூ இல்லை. முதியவர்கள் கையில் பூதக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, வைர வியாபாரிகள்போல் குனிந்திருந்தார்கள். துணைக்கு வந்த நண்பர் எனக்குப் பார்க்கக் கற்றுக் கொடுத்தார். முதலில் இலையின் சாயல்: அவரையைப் போல் தடித்துக் குட்டையாக இருப்பது ஒரு ஜாதி, ஊசிபோல் இருப்பது இன்னொரு ஜாதி. பிறகு கோடு. ஓரத்தில் மட்டும் ஓடினால் அது நம் கரை வேஷ்டி. நீளவாட்டில் ஓடினால் ஜரிகைப் பட்டு. குறுக்கே பட்டை பட்டையாக விழுந்தால் புலிவரி. அதற்குப் பிறகு, இலை தண்டோடு சேரும் இடத்தில் தெரியும் மெல்லிய கீறல். அது பிறை வடிவில் இருக்கலாம், மலை முகடுபோல் இருக்கலாம், அலைபோல் நெளியலாம், நேர்கோடாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர். கடைசியாக வேரின் நுனி. சிலவற்றில் பச்சை, சிலவற்றில் சேற்று நிறம், ஒரு சிலவற்றில் மட்டும் மாணிக்கப் பரல்போல் சிவப்பு.

பெயர்கள் இன்னும் அழகு. 'மனஸுரு' என்பது ஒரு நாரையின் பெயர். 'ஷுத்தென்னோ' என்றால் செந்நிற வானரசன். அவரை இலை ஜாதியில் 'தமகொங்கோ' என்று ஒன்று. அதிலுள்ள 'கொங்கோ' நமக்குப் பழக்கமான வச்சிரம்தான். பௌத்த நூல்களோடு இந்தியாவிலிருந்து சீனம் போய், அங்கிருந்து கடல் தாண்டி, ஒரு தொட்டிச் செடியின் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது. இப்படிப் பெயர் பெற்ற செடிகளையெல்லாம், குஸ்திப் பயில்வான்களுக்கு வரிசை போடுவதுபோலவே மேல் வரிசை கீழ் வரிசை என்று அடுக்கி, ஃபூகிரான் சங்கத்தார் வருஷந்தோறும் ஒரு பெரிய தாளில் அச்சிடுகிறார்கள்.

ஒரு தொட்டிக்குச் சொந்தக்காரரான பெரியவரிடம், 'இது எப்போது ஐயா பூக்கும்?' என்று நண்பர் மூலமாகக் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். 'ஜூலையில் பூக்கும். பூ பத்து நாள். இந்த இலை என் பாட்டனார் பார்த்தது. என் பேரனும் பார்ப்பான்' என்றார்.

வளர்க்கும் முறையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். காற்று ஆர்க்கிட் என்ற பெயர் வெறும் அலங்காரமில்லை. இதைக் கொல்வதற்குச் சுலபமான வழி வேரை ஈரத்திலேயே வைத்திருப்பது. ஆகவே தொட்டியில் மண் போடுவதில்லை. நீண்ட இழையுள்ள ஸ்பேக்னம் என்ற பாசியை நனைத்துப் பிழிந்து, விரல்களின் மேல் சுற்றிச் சுற்றி, உள்ளே வெற்றிடம் இருக்கும்படி ஒரு குன்று செய்கிறார்கள். பூரணம் வைப்பதற்கு முன் கொழுக்கட்டைச் சொப்பு எப்படி இருக்கும்? அதைக் கவிழ்த்து வைத்தால் எப்படியோ அப்படி. அதன் உச்சியில் செடியை உட்கார வைத்து, வேர்களைச் சுற்றிலும் வழியவிட்டு, மேலே மெல்லிதாகப் பாசி போர்த்துகிறார்கள். தொட்டியின் அடியில் பெரிய ஓட்டை. கீழே மூன்று கால்கள். காற்று அடியில் நுழைந்து, கொழுக்கட்டையின் வயிற்றுக்குள் புகுந்து, பாசி வழியாக வெளியேறுகிறது. மரக்கிளையில் இருக்கும் நினைப்பிலேயே வேர் இருக்கும். பாசி உலர்ந்த பிறகே மறுபடி தண்ணீர். குளிர்காலத்தில் அநேகமாகப் பட்டினிதான். இலை சுருங்கிச் சுருக்கம் விழுந்தாலும் வளர்ப்பவர் பதறுவதில்லை. வசந்தம் வந்ததும் பழைய பாசியைக் களைந்து புதுக் குன்று. தொட்டியோ, மெல்லிய கறுப்பு மண்பாண்டம்; விளிம்பில் பொன் பூச்சு, உடம்பில் டிராகனோ அலையோ வரைந்திருக்கும். செடியைவிடத் தொட்டிக்கு அதிகம் கொடுத்தவர்களும் உண்டு. நகைக்கு ஆசைப்பட்டுப் பெட்டி வாங்கும் மனிதர்களை நாமும் பார்த்திருக்கிறோம்.

இயெனாரி பட்டத்துக்கு வருமுன்பே இந்தச் செடி ஓர் ஐரோப்பியன் கண்ணில் பட்டுவிட்டது. அப்போது ஜப்பான் வெளிநாட்டாருக்குக் கதவைச் சாத்தியிருந்தது. ஐரோப்பியர்களில் டச்சுக்காரர்களுக்கு மட்டும் நாகஸாகித் துறைமுகத்தில் டெஜிமா என்ற கையகலத் தீவு. கார்ல் பீட்டர் துன்பர்க் என்ற ஸ்வீடன் தேசத்து வைத்தியர், தாவர சாஸ்திர மேதை லின்னேயஸின் சீடர், டச்சுக்காரராக வேஷம் போடுவதற்காக நன்னம்பிக்கை முனையில் தங்கி டச்சு மொழி கற்றுக்கொண்டு, 1775-ல் டெஜிமாவில் இறங்கினார். தீவை விட்டு வெளியே போக அனுமதி இல்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தீவிலிருந்த ஆடுமாடுகளுக்கு வெளியிலிருந்து வரும் புல்கட்டைப் பிரித்து, அதிலிருந்து செடிகளைப் பொறுக்கிச் சேர்த்தார்! 1776-ல் டச்சுத் தூதரோடு எடோவுக்குப் போய்த் திரும்பும் சந்தர்ப்பம் கிடைத்தது. ஹக்கோனே மலையில் பல்லக்கிலிருந்து இறங்கி, காவலர்கள் பின்னால் ஓடி வரச் செடி சேகரித்தார். திரும்பும் வழியில் இலங்கையிலும் சில மாதங்கள் தங்கிச் செடி தேடியிருக்கிறார். ஊர் போய்ச் சேர்ந்து 1784-ல் அவர் வெளியிட்ட ஜப்பானியத் தாவர நூலில் நம் ஃபூரான், 'ஆர்க்கிஸ் ஃபல்காட்டா' என்று இடம் பெற்றது. ஃபல்காட்டா என்றால் அரிவாள்போல் வளைந்தது.

அதன் பிறகு சாஸ்திரிகள் அதற்குப் பெயர் மாற்றிக்கொண்டே இருந்தார்கள். 1925-ல் சீன அறிஞர் ஒருவர் 'நியோஃபினெட்டியா' என்று வைத்தது நெடுங்காலம் நிலைத்தது. 2012-ல் அதையும் கலைத்து 'வாண்டா' என்ற குடும்பத்தில் சேர்த்துவிட்டார்கள். வாண்டா என்பது சமஸ்கிருதத்திலிருந்து போன சொல். கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ், நம் நாட்டு மரங்களில் ஒட்டி வளரும் ஓர் ஆர்க்கிடுக்காக எடுத்துக்கொண்ட பெயர் அது. டோக்கியோவிலிருந்து திரும்பியதும் என் மனைவியிடம் படங்களைப் பெருமையாகக் காட்டினேன். 'இதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனீர்கள்? எங்கள் ஊர் மாந்தோப்பில் கிளைக்குக் கிளை ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதன் குட்டிபோல் இருக்கிறது' என்றாள். தாவர சாஸ்திரிகள் இதே முடிவுக்கு வர 228 வருஷங்கள் ஆகியிருக்கின்றன.

இயெனாரி 1841-ல் காலமானார். உடனே வந்த சீர்திருத்தங்களில் ஆடம்பரத்துக்கெல்லாம் தடை; விலையுயர்ந்த தொட்டிச் செடிகளும் தப்பவில்லை. 1868-ல் ஷோகன் ஆட்சியே போய்விட்டது. பிரபுக்கள் தங்கள் ஊர்களுக்குத் திரும்பினார்கள். எடோவின் பெரிய மாளிகைத் தோட்டங்கள் பாழடைந்தன. 1869-ல் புதிய அரசாங்கம் அந்த நிலங்களில் மல்பெரியும் தேயிலையும் பயிரிடச் சொல்லிற்று. குளங்களும் செயற்கை மலைகளும் அழிந்தன. ஆனால் அக்குளில் இடுக்கிக்கொண்டு போகக்கூடிய தொட்டிக்கு எந்த அரசாங்கம் போனால் என்ன? அது வியாபாரி வீட்டுக்கும் வாத்தியார் வீட்டுக்கும் குடி மாறியது. சிறியதாக இருப்பதில் இப்படி ஒரு லாபம்.

அந்தப் பெரியவர் 'பாட்டனார் பார்த்த இலை' என்று சொன்னது உபசார வார்த்தை இல்லை. ஆர்க்கிட் விதை தூசியைவிட நுண்ணியது. முளைக்கும்போது தின்பதற்கு அதனுள் உணவு கிடையாது. ஒருவிதக் காளான் இழை வந்து ஊட்டினால்தான் உயிர் பிழைக்கும். இதை 1899-ல் பிரெஞ்சு விஞ்ஞானி நோயல் பெர்னார் கண்டுபிடித்தார். காளான் இல்லாமலே சர்க்கரை கலந்த பாகில் முளைக்க வைக்கலாம் என்று 1922-ல் அமெரிக்கரான லூயிஸ் நட்ஸன் காட்டினார். அதற்கு முன்னால் ஒரு பெயர் பெற்ற செடியைப் பெருக்க ஒரே வழி, அது பக்கத்தில் கிளை விட்டால் பிரித்து வைப்பது. இன்றும் பெயரையும் கோட்டையும் காப்பாற்ற அதுதான் வழி. விதையில் தாயின் சாயல் அப்படியே வருமென்று நம்ப முடியாது. ஆகையால் ஒரே பெயருள்ள செடிகளெல்லாம் வம்சத்தார் அல்ல. என்றோ ஒரு மலையில் ஒரு கிளையில் தோன்றிய ஒரே செடியின் துண்டுகள். இடையில் யாராவது ஒருவர் ஒரு கோடை தண்ணீர் ஊற்ற மறந்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

காட்டில் மட்டும் வேறு கதை. விலை உண்டென்று தெரிந்ததும் மரமேறிகள் கிளை கிளையாகத் தடவினார்கள். கோடுள்ளது ஒன்று அகப்படுவதற்காகக் கோடில்லாத நூறு உரிக்கப்பட்டது. பழைய மரங்களும் வெட்டுப்பட்டன. எங்கும் இருந்த சாதாரணப் பச்சை ஃபூரான், கடைகளில் கண்ணாடிப் புட்டியில் முளைத்த கன்றாக மலிவாகக் கிடைக்கிறது. ஜப்பானிய அரசாங்கத்தின் சிவப்புப் பட்டியலிலோ அழியும் அபாயத்தில் உள்ள காட்டுச் செடியாக நிற்கிறது. அபூர்வமானதைத் தொட்டியில் போற்றிக் காப்பாற்றியவர்கள், சாதாரணமானதை மரத்தில் விட்டு வைக்கவில்லை.

கொரியாவிலும் இதே நிலைதான். அங்கே அழியும் உயிர்களில் முதல் வகுப்பில் வைத்துச் சட்டத்தால் பாதுகாக்கிறார்கள். அந்நாட்டுத் தென் கடலில், மூடுபனியில் திசை தப்பிய படகுக்காரர்கள், காற்றில் வரும் இந்தப் பூவின் மணத்தைப் பிடித்துக் கரை பக்கத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்வார்கள் என்று ஒரு கதை சொல்வதுண்டு. இப்போது அங்கே தேசியப் பூங்காக் காவலர்கள், வளர்த்தெடுத்த கன்றுகளைத் தீவுகளுக்குக் கொண்டுபோய் மரத்திலும் பாறையிலும் மறுபடி ஒட்ட வைக்கிறார்கள். கோடில்லாத, புள்ளியில்லாத, பெயரில்லாத வெறும் பச்சைக் கன்றுகள்.